காஞ்சியிலிருந்து அண்ணாமலைக்கு: நடந்தவளின் கதை

காஞ்சிபுரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே சாலை வழியே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு. ஐம்பூதத் தலங்களில் காஞ்சி மண், அண்ணாமலை நெருப்பு என்பது மரபு. மண்ணிலிருந்து நெருப்புக்குப் போகும் இந்த வழியைக் கடந்தவராகத் தலக்கதைகள் முன்னிறுத்துவது ஒரு முனிவரையோ அரசரையோ அல்ல, ஒரு பெண்ணை. விளையாட்டாகக் கணவனின் கண்களைப் பொத்தினாள் பார்வதி. உலகம் இருண்டது. அதற்குக் கழுவாயாகக் காஞ்சிக்கு வந்து, கம்பையாற்றங்கரையில் மணலால் இலிங்கம் பிடித்து வழிபட்டாள். வெள்ளம் வந்தபோது அதை மார்போடு அணைத்துக் காத்தாள். பிறகு, அவன் உடம்பில் இடப்பாகம் வேண்டுமென்றால் அண்ணாமலைக்குப் போ என்று சொல்லப்பட்டது. போனாள். சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் தொடங்கி, இன்று கோயில் வாசலில் விற்கும் சிறு புத்தகங்கள் வரை இந்தக் கதை வெவ்வேறு அளவில் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துப் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் யாரும் அதை ‘அம்மன் நடந்த கதை’ என்று சொல்வதில்லை. ‘அம்மன் தவம் செய்த கதை’ என்றுதான் சொல்வார்கள். காஞ்சியில் தவம், அண்ணாமலையில் தவம், இரண்டுக்கும் நடுவில் ‘வந்தாள்’ என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குள் நூறு கிலோமீட்டர் மடிந்து கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க முயல்கிறது. தமிழ்ப் பிரதிகளில் பெண் நடக்கிறாள், நிறையவே நடக்கிறாள். ஆனால் அவள் நடைக்கு எப்போதும் வேறொரு பெயர் வைக்கப்படுகிறது: தவம், கற்பு, தேடல், பக்தி, உடன்போக்கு. அவளுடைய வழி அவள் கணக்கில் எழுதப்படுவதில்லை.

தாகமும் ஆறும்

புராணம் விட்ட இடைவெளியை ஊர்க்கதைகள் நிரப்பியிருக்கின்றன. ஆரணிப் பக்கத்து வாழைப்பந்தலில் அம்மன் தங்கினாள் என்கிறார்கள். வெயிலுக்கு வாழையிலையால் பந்தல் போட்டு, பூசைக்கு மணல் இலிங்கம் பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் மகன் முருகனிடம் கேட்டாள். அவன் மேற்கே மலையைப் பார்த்து வேலை எறிந்தான். தண்ணீர் வந்தது. ஆனால் வேல் போன வழியில் தவத்தில் இருந்த ஏழு பேர் தலையறுந்து போனார்கள். தண்ணீர் செந்நிறமாக ஓடியது. அதுதான் செய்யாறு, சேய் உண்டாக்கியதால் சேயாறு என்றும் சொல்வார்கள். மகனுக்குச் சேர்ந்த பாவம் தீரக் கடலாடி, பூண்டி, குருவிமலை முதலாகச் செய்யாற்றங்கரையில் ஏழு கரைகண்டேசுவரர் கோயில்கள் எழுந்தன என்பது அங்கே வழங்கும் கதை.

இந்தக் கதையை ஒரு நடைக்குறிப்பாக வாசித்துப் பார்க்கலாம். புராணத்தில் இல்லாத வெயில் இங்கே இருக்கிறது, தாகம் இருக்கிறது, நிழலுக்கு எதைப் பிடுங்கிப் பந்தல் போடுவது என்ற யோசனை இருக்கிறது. இதைச் சொன்னவர்கள் சவ்வாது மலையிலிருந்து இறங்கும் அந்த ஆறு கோடையில் வெறும் மணலாகக் கிடப்பதைப் பார்த்தவர்கள். தண்ணீருக்காகக் குடத்தோடு நடந்த பெண்களின் அனுபவம் அம்மனின் தாகத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் கதை எங்கே திரும்புகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் கேட்டவள் அவள். கேட்ட மாத்திரத்தில் கதை மகனுடைய வேலுக்கும், மகனுடைய பாவத்துக்கும், மகனுடைய பரிகாரத்துக்கும் போய்விடுகிறது. ஏழு கோயில்களும் அவன் பிழையைச் சொல்கின்றன. அவள் தாகத்துக்கு அடையாளமாக மிஞ்சியது ஓர் ஊர்ப்பெயர். அந்த வட்டாரத்தில், முனுகப்பட்டில், அவள் பச்சையம்மனாக நிற்கிறாள். பெருங்கோயில்களின் தேவியைப் பெரும்பாலும் கணவனோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். பச்சையம்மனுக்கு அவள் நிறம்தான் பெயர். வழியில் தங்கிய இடத்தில்தான் அவள் அவளாக இருந்தாள் என்று ஊர்ப்பெண்களின் வழிபாடு நினைவு வைத்திருக்கிறது.

இதே வட்டாரத்தில் இன்னொரு கதையும் உண்டு. திருவோத்தூர், இன்றைய செய்யாறு. இங்கே காய்க்காத ஆண்பனைகளைச் சம்பந்தர் பதிகம் பாடிக் குலை ஈனும் பெண்பனைகளாக மாற்றினார் என்பது பெரியபுராணம் சொல்லும் அற்புதம். ஆண் நடந்து வந்த ஊரில் பதிகம் எஞ்சுகிறது, அவர் பெயர் எஞ்சுகிறது. நாயன்மார் மூவரின் பயணங்களும் ஊர் ஊராகப் பெயர் சொல்லி எண்ணப்பட்டிருக்கின்றன. அம்மன் வழிநடையில் என்ன பாடினாள் என்று எந்தப் பிரதியும் கேட்கவில்லை.

கண்ணகியின் இரண்டு நடைகள்

தமிழில் ஒரு பெண்ணின் நெடுநடையை விரிவாகச் சொன்ன பெருநூல் சிலப்பதிகாரம். புகாரிலிருந்து உறையூர் வழியாக மதுரைக்கு முப்பது காதம். நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவ வரி, புறஞ்சேரி இறுத்த காதை என நான்கு காதைகள் இந்த வழிக்காகவே இருக்கின்றன. வயல், வாய்க்கால், நண்டு, நத்தை, பாலை வழிகள் மூன்று, எந்த வழியில் என்ன இடர் என்று ஒன்றும் விடாமல் இளங்கோ சொல்கிறார்.

இவ்வளவு நீண்ட நடையில் கண்ணகி எத்தனை முறை வாய் திறக்கிறாள்? புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சிரிக்கிறான், தொலைவைச் சொல்கிறான். வேட்டுவ வரியில் தெய்வம் ஏறிய சாலினி தன்னைப் புகழ்வதைக் கேட்டு ஏதோ பேதைமையாகச் சொல்கிறாள் என்று கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிப் புன்னகைக்கிறாள். மற்றபடி அவள் பாதம் நோகிறது, மேனி வாடுகிறது என்பதை எல்லாம் அடுத்தவர்கள்தான் சொல்கிறார்கள். ஆற்றுப்படைகளிலும் இதே நிலைமைதான். விறலியின் பாதத்துக்கு ஓடி இளைத்த நாயின் நாக்கை உவமை சொல்லும் அளவுக்குப் புலவர்கள் அந்தப் பாதத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாதம் எதைக் கண்டது என்று விறலி சொல்ல இடம் கொடுக்கவில்லை.

இந்த வழியில் பேசுகிற பெண் கவுந்தியடிகள். சமணத் துறவி. கண்ணகியையும் கோவலனையும் என் மக்கள் என்று அவர் சொன்னபோது, ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாவார்களோ என்று வழியில் வந்த இருவர் கேலி செய்கிறார்கள். அவர்களை நரிகளாகப் போகச் சபிக்கிறார் அடிகள். சாலையில் பெண்ணைக் கேலி செய்பவனுக்கு உடனுக்குடன் பதில் கொடுக்கும் ஒரு பெண் நம் காப்பியத்தில் இருக்கிறாள் என்பது என் மாணவிகளுக்கு எப்போதும் பிடித்த பகுதி. ஆனால் அந்தப் பதிலுக்கான வல்லமை அவருக்கு எங்கிருந்து வந்தது? குடும்பத்தையும் உடலின் விருப்பங்களையும் விட்டு வந்ததால் வந்தது. மனைவியாக நடந்தால் பேச்சு இல்லை. பேச வேண்டுமானால் துறவியாக நடக்க வேண்டும்.

இரண்டாவது நடை வேறு. கணவனை இழந்து, மதுரையை எரித்த பிறகு கண்ணகி நடப்பது. கீழ்வாயிலில் கணவனோடு வந்தவள் மேல்வாயிலில் தனியே வெளியேறுகிறாள். வைகையின் ஒரு கரை பிடித்து, மேடு பள்ளம் பாராமல் போகிறாள். மலையேறி, வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்கு நாள் கழிகிறது. முதல் நடைக்கு நான்கு காதைகள், இந்த நடைக்குக் கட்டுரை காதையின் இறுதியில் சில அடிகள். எங்கே தங்கினாள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், வழியில் யாரைக் கண்டு ஒதுங்கினாள்? எதுவும் இல்லை. கணவனோடு நடந்தபோது நாடும் காடும் கண்ணுக்குத் தெரிந்தன. தனியாக நடந்தபோது வழியே மறைந்துவிட்டது. இளங்கோவின் மௌனத்தைக் கலைநயம் என்று சொல்லலாம், துயரத்தின் வேகத்தில் வழி தெரியாது என்று சொல்லலாம். இரண்டும் பொருந்தக்கூடிய விளக்கங்கள்தான். ஆனால் காஞ்சியிலிருந்து வந்த பார்வதிக்கும் இதே மௌனம் வாய்க்கும்போது, இது ஒரு கவிஞரின் தேர்வு மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

தேடிப் போனவர்கள்

சங்கப் பாலைப் பாடல்களில் காதலனோடு போன மகளைத் தேடிச் செவிலி நடக்கிறாள். கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில் எதிரே வந்த அந்தணர்களிடம் கேட்கிறாள். சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்குப் பயன்படாது, மகளும் அப்படித்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள். அழகான உவமைகள், பள்ளிப் பாடத்திலிருந்தே நாம் கேட்டு வளர்ந்தவை. ஒரு விஷயத்தை நாம் கவனிக்காமல் விட்டோம்: வழியில் நிற்கும் ஆண்கள் வழியில் வந்த பெண்ணை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள்.

குறுந்தொகை 44 இதற்கு நேர் எதிர். அங்கே யாரும் செவிலிக்கு அறிவுரை சொல்லவில்லை. தன் கால் ஓய்ந்ததையும், எதிர்வருவோரைப் பார்த்துப் பார்த்துத் தன் கண் ஒளியிழந்ததையும் அவளே சொல்கிறாள். பாடியவர் வெள்ளிவீதியார். நடப்பவளின் உடம்புக்குள் இருந்து அவள் களைப்பைப் பாடியது ஒரு பெண் கவி என்பது தற்செயல் இல்லை. அகநானூறு 147-இல் ஔவையார், கணவனைத் தேடிச் சென்ற வெள்ளிவீதியைப் போல நானும் போகவா என்று தலைவியைப் பேச வைக்கிறார். ஒரு பெண் கவி இன்னொரு பெண் கவியை நினைவுகூர்கிறார், அதுவும் நடந்தவளாக. தமிழில் பெண் எழுத்தின் மரபை நாம் தேடும்போது இந்த இடத்தை அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிவீதியின் நடை, இன்னொருத்தி புறப்பட எண்ணும்போது கைப்பிடிக்கக் கிடைக்கும் முன்னுதாரணமாகிறது.

உடம்பைக் கொடுத்து வாங்கிய வழி

காரைக்காலம்மையாரின் நடை இவை அனைத்திலும் துணிந்தது. கணவன் அவரைத் தெய்வமென்று அஞ்சி விலகி, வேறு மணம் செய்துகொண்ட பிறகு, அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று தசையை உதிர்த்துப் பேய்வடிவம் கேட்டுப் பெறுகிறார். பிறகுதான் கயிலைக்குப் புறப்படுகிறார். அந்த மண்ணைக் காலால் மிதிக்கத் தகாது என்று தலையால் நடக்கிறார். தலையால் வருவது யார் என்று உமை கேட்க, நம்மைப் பேணும் அம்மை என்கிறான் சிவன். பின்னாளில் அவர் தலையால் நடந்த திருவாலங்காட்டில் கால்வைக்கச் சம்பந்தர் தயங்கினார் என்றும் சேக்கிழார் சொல்கிறார்.

பெண்ணிய வாசிப்புகள் அம்மையாரைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் இளமை போக வேண்டும், பிறகே பாதை. அழகான பெண்ணாகத் தனியே கயிலை வரை நடப்பது பிரதியின் கற்பனைக்கே எட்டவில்லை. கவுந்தி துறவால் வாங்கியதை அம்மையார் உடம்பால் வாங்குகிறார். இன்றும் அம்பது வயது தாண்டிய அத்தை தனியாகப் பழனிக்கு நடந்தால் ஊர் கும்பிடுகிறது. இருபது வயது மகள் நடந்தால் ஊர் விசாரிக்கிறது. சபரிமலையில் 10 முதல் 50 வயதுப் பெண்களைத் தடுத்த விதியை 2018 செப்டம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகும் மலையேற வந்த பெண்களை வழியிலேயே கூட்டம் மறித்தது. அவர்களில் பலருக்குக் கருவறை வரைக்கும் விவகாரம் போகவில்லை, பாதையிலேயே முடிந்தது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் வின்செஸ்டர் பேராலயத்திலிருந்து கேன்டர்பரி பேராலயத்துக்குக் கிராமங்களின் ஊடே போகும் பழைய யாத்திரைப் பாதையை இன்றும் மக்கள் நடக்கிறார்கள். கேன்டர்பரி யாத்திரிகர்களைப் பாடிய சாசர் அதில் ஒரு பெண்ணை வாயாடியாக, ஐந்து கணவர்களைக் கண்டவளாக, மூன்று முறை ஜெருசலேம் போனவளாகப் படைத்தார். நிறைய நடந்தவள் என்பதே அங்கே ஒரு கிண்டல். சற்றுப் பின்னே, பதினைந்தாம் நூற்றாண்டில், மார்ஜரி கெம்ப் என்ற பெண் உண்மையிலேயே ஜெருசலேம் வரை போனார். பதினான்கு பிள்ளைகள் பெற்றவர். கணவனின் கடனை அடைப்பதாகச் சொல்லித்தான் தன் உடம்பின் மீதான உரிமையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். வழியில் அவர் அழுகையைப் பொறுக்காத சக யாத்திரிகர்கள் அவர் அங்கியைக் குட்டையாக வெட்டி அவமானப்படுத்தினார்கள். அத்தனையும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவரே சொல்லி எழுதவைத்த புத்தகம். அதன் கையெழுத்துப் படி 1934-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. நடந்தவள் சொன்னதால் வழி மிஞ்சியது.

பாதி உடம்பும் பூட்டிய கதவும்

அண்ணாமலைக்கு வந்த பார்வதிக்கு என்ன கிடைத்தது? கௌதமர் வழிகாட்ட மீண்டும் தவம் இருந்தாள். அவளிலிருந்து எழுந்த துர்க்கை மகிடனை வதைத்தாள். கார்த்திகை முழுநிலா நாளில் மலையை வலம்வந்து இடப்பாகம் பெற்றாள். கிரிவலத்துக்கு முன்மாதிரியாகப் புராணம் காட்டுவதும் ஒரு பெண்ணைத்தான். தீப நாளன்று மாலை அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார், அதே வேளையில் மலையுச்சியில் தீபம் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். அந்தத் தீபத்தை ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. பர்வதராஜன் என்பது பார்வதியின் தகப்பன் பெயர். அவள் வெற்றிக்கு விளக்கேற்றுவது தாய்வீட்டின் பெயர் தாங்கியவர்கள் என்பது எனக்குப் பிடித்த விவரம்.

பாகம் கிடைத்ததைச் சமத்துவம் என்று வாசிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அர்த்தநாரியின் கால்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. வலக்காலில் கழல், இடக்காலில் சிலம்பு. காஞ்சியிலிருந்து இரண்டு கால்களால் நடந்து வந்தவளுக்கு இப்போது ஒரு கால் மட்டும்தான். அவன் நகராமல் அவள் நகர முடியாது. வழியின் முடிவில் அவள் வென்றது இடத்தை, இழந்தது நடையை.

அண்ணாமலைக் கோயிலின் சடங்கே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. தை இரண்டாம் நாள், மாட்டுப்பொங்கலன்று, திருவூடல். உண்ணாமுலையம்மனும் அண்ணாமலையாரும் திருவூடல் வீதியில் எதிரெதிரே நின்று பிணங்குகிறார்கள். காரணம் பிருங்கி முனிவர். சிவனை மட்டுமே வலம்வருவேன், பக்கத்தில் இருப்பவளை வலம்வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். இருவரும் ஒட்டி அமர்ந்தபோது வண்டாகி நடுவே துளைத்துச் சென்று அவனை மட்டும் சுற்றியவர். அப்படிப்பட்டவருக்கு அருள்செய்யக் கணவன் போகிறான் என்பது அவள் கோபம். நியாயமான கோபம்தான். அம்மன் கோயிலுக்குத் திரும்ப, கதவு சாத்தப்படுகிறது. சுவாமி அன்றிரவு வேறு கோயிலில் தங்கி, மறுநாள் தனியே மலையை வலம்வருகிறார். பிறகு மறுவூடல், சமாதானம்.

ஆண்டுதோறும் இதைப் பார்க்கக் கூடும் பெண்கள் கூட்டத்தில் சிரிப்பு இருக்கிறது, அம்மன் பக்கம் சாய்கிற பேச்சு இருக்கிறது. பாதி உடம்பான பிறகும் அவள் தனியாள் என்று வீதி அறிய நிறுவும் சடங்கு இது. ஆனால் சண்டையின் முடிவில் யாருக்கு எது போகிறது என்று பாருங்கள். அவளுக்குக் கதவு, அவனுக்குப் பாதை. மருதத்திணைத் தலைவி ஊடலில் வாயில் மறுத்ததும் இப்படித்தான். கோபத்தில்கூட அவள் போகும் இடம் வீடு. மலையை வலம்வந்து பாகம் பெற்றவள், ஊடல் நாளில் வலம்வருவதில்லை.

நிலவு இல்லாத இரவுகள்

சிலப்பதிகாரத்தில் கண்ணகியால் வெயில் தாங்க முடியாது என்று கோவலன் சொல்ல, மூவரும் நிலவொளியில் நடக்கிறார்கள். இன்று எங்கள் ஊரில் பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். பாதிக்கு மேல் பெண்களோ என்று தோன்றும். இரவு இரண்டு மணிக்கு இளம்பெண்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், இந்திரலிங்கத்திலிருந்து ஈசான்யலிங்கம் வரை எண்ணிக்கொண்டு, சிரித்துப் பேசி, வழியில் டீ குடித்து. வீட்டில் யாரும் தடுப்பதில்லை. நடக்கிற பெண்கள் பலர் வேண்டுதலுக்காக வருகிறார்கள். சிலர் வேண்டுதலைச் சாக்காக வைத்து நடப்பதற்காகவே வருகிறார்கள். அவர்களுக்கு அந்த நிலவு அனுமதிச் சீட்டு.

வகுப்பில் ஒருமுறை கேட்டேன்: பௌர்ணமி இல்லாத நாளில், இரவு ஒன்பது மணிக்கு மேல், அதே பாதையில் தனியாக நடந்தவர்கள் யார்? ஒரு கையும் எழவில்லை. பாதை ஒன்றுதான், மலையும் அதேதான். மாறியது அவர்கள் நடைக்கு மற்றவர்கள் வைக்கும் பெயர். பௌர்ணமியன்று பக்தை, மறுநாள் ‘இந்த நேரத்துல எங்க போற’.

அந்தப் பாதையில் பௌர்ணமிக்கு மறுநாள் விடியலிலும் பெண்கள் நடக்கிறார்கள். குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள். இலைத்தட்டும் தண்ணீர்ப் புட்டியும் கூட்டிக்கொண்டே அவர்கள் நடக்கும் தொலைவைப் புண்ணியக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பெண்ணின் நடையைப் பற்றி எழுதும் நாம் பக்தையையும் காப்பிய நாயகியையும் பேசிவிட்டு இவர்களை விட்டுவிட்டால், புராணம் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம்.

அம்பையின் ‘அடவி’ கதையில் செந்திரு குடும்பத்தை விட்டுக் காட்டுக்குப் போய், சீதையின் அயனத்தைத் தானே எழுதுகிறாள். அயனம் என்றால் வழி. இராமனின் வழி காவியமாயிற்று. அதே காட்டில் கூடவே நடந்தவளின் வழியை எழுத இன்னொரு பெண் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தவம், கற்பு, நேர்ச்சை என்ற எந்தப் பெயரும் இல்லாமல் நடக்கும் ஒரு பெண்ணை நம் இலக்கியம் இனிமேல்தான் எழுத வேண்டும். அதற்குப் பழைய பிரதிகளை ஒதுக்க வேண்டியதில்லை. ‘வந்தாள்’, ‘போனாள்’ என்று அவை சுருக்கிய இடங்களில் நின்று கேள்வி கேட்டால் போதும். இதை வாசிக்கும் மாணவிகள் தங்கள் பாட்டியிடமிருந்து தொடங்கலாம்: சந்தைக்கும், தாய்வீட்டுக்கும், தண்ணீருக்கும், வேண்டுதலுக்கும் எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், யாரைக் கண்டு பயந்தீர்கள், என்ன பாட்டுப் பாடினீர்கள் என்று. பதிலை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.